மூளைக்கு எத்தனை மாடி?

சென்ற இதழில், எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது ஏன் அந்த டமடம சத்தம் என்று ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதினேன். எழுதும்போது போகிற போக்கில் ‘7 டெஸ்லா மெஷினில் மூளையின் மேலுறையை அடுக்கு அடுக்காகப் பார்க்கிறார்கள்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த இதழ் முழுக்க. பாதிக்கு மேல் நம்ம வடசென்னைக்காரர்கள். இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்து ஸ்கேன் சென்டர்களில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன் நான் என்று தெரிந்து, சிலர் ரிப்போர்ட்டையே மடித்து கவரில் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். ரிப்போர்ட் படித்துச் சொல்வது டாக்டர் வேலை. பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஐயா, எனக்குப் பத்து வருடமாக ஒற்றைத் தலைவலி. எங்கள் தெருமுனையில் இருக்கும் சென்டரில் 1.5 டெஸ்லா என்று போர்டு வைத்திருக்கிறார்கள், மூலக்கொத்தளம் பக்கம் 3 டெஸ்லா. வெளிநாட்டில் இருக்கும் என் பையன் ‘இங்கே வாம்மா, 7 டெஸ்லாவில் எடுத்துடலாம்’ என்கிறான். போகலாமா?
— பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி

போங்கம்மா, பையனைப் பார்க்க. ஸ்கேனுக்காக வேண்டாம். ஒற்றைத் தலைவலியை டாக்டர் கண்டுபிடிப்பது நீங்கள் சொல்லும் கதையை வைத்து: எந்தப் பக்கம் வலி, எத்தனை மணி நேரம், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா, வாந்தி வருகிறதா. ஸ்கேன் எடுப்பது வேறு ஏதாவது இருந்துவிடக் கூடாதே என்று பார்க்க. அதற்கு உங்கள் தெருமுனை 1.5 டெஸ்லாவே பெரும்பாலும் போதும்.

டெஸ்லா என்பது காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அளவு. பூமியின் காந்தம் ஏறக்குறைய 50 மைக்ரோடெஸ்லா என்று வைத்துக்கொண்டால், 1.5 டெஸ்லா அதைப் போல 30,000 மடங்கு, 7 டெஸ்லா 1,40,000 மடங்கு. போர்டில் எண்ணைப் பெரிதாக எழுதுவது வியாபாரத்துக்கு நல்லது. அந்த எண்ணை வைத்து நோயைத் தேடிப் போகக் கூடாது.

மூளையில் ஆறு அடுக்கு இருப்பதாக உங்கள் பதிலில் படித்தேன். நான் ஐஸ் வியாபாரம் பார்க்கிறவன், அடுக்குவது எங்கள் தொழில். மீன், ஐஸ், மீன், ஐஸ் என்று அடுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. மூளையில் எதற்கு அண்ணே?
— காசிமேட்டிலிருந்து ஒருவர்

உங்களுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். 1776இல் இத்தாலியில் பார்மா நகரத்தில் பிரான்செஸ்கோ ஜென்னாரி என்ற மருத்துவ மாணவர் மூளையை ஐஸில் உறைய வைத்து வெட்டிப் பார்த்தார். தலையின் பின்பக்கம், பார்வை வந்து சேரும் இடத்தில், சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு ஓடுவதை வெறும் கண்ணாலேயே கண்டார். இன்றைக்கும் அதன் பெயர் ஜென்னாரி கோடு. மூளையின் மேலுறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, உள்ளே அடுக்கு இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் அத்தாட்சி அதுதான்.

அந்த மேலுறையைப் பாடப்புத்தகத்தில் ‘புறணி’ என்பார்கள். (நம்ம பக்கம் புறணி என்றால் வேறு அர்த்தம், அதற்குப் பிறகு வருகிறேன்.) கசங்கிய துணி மாதிரி மடிந்து கிடக்கிறது. விரித்தால் இரண்டு, இரண்டரை சதுர அடி வரும். தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அந்த 2, 3 மில்லிமீட்டருக்குள் ஆறு அடுக்கு. 1909இல் ஜெர்மனியைச் சேர்ந்த கோர்பினியன் பிராட்மன் மைக்ராஸ்கோப்பில் அடுக்குகளின் அமைப்பைப் பார்த்தே மூளையை ஏரியா ஏரியாவாகப் பிரித்து நம்பர் போட்டார். ராயபுரம் எங்கே முடிந்து தண்டையார்பேட்டை எங்கே தொடங்குகிறது என்று வீட்டு வாசலைப் பார்த்தே சொல்கிற மாதிரி. டாக்டர்கள் இன்றும் அந்த நம்பரைத்தான் சொல்கிறார்கள்.

எதற்கு அடுக்கு என்று கேட்டீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. துறைமுகத்தில் வண்டி உள்ளே வரும் கேட் வேறு, வெளியே போகும் கேட் வேறு இல்லையா, அது போலத்தான். கண்ணிலிருந்தும் தோலிலிருந்தும் வருகிற சேதி பெரும்பாலும் நடுவில் இருக்கும் நாலாவது அடுக்கில் வந்து இறங்குகிறது. அங்கிருந்து மேலே இரண்டாவது, மூன்றாவது அடுக்குக்குப் போய், அவை பக்கத்து ஏரியாக்களுக்கு அனுப்புகின்றன. ஐந்தாவது அடுக்கு கீழே, தண்டுவடம் வரைக்கும் உத்தரவு அனுப்பும் அடுக்கு. ஆறாவது, சேதி வந்த வழிக்கே பதில் சொல்லும் அடுக்கு. மேலதிகாரி ஏரியாக்கள் கீழே இருப்பவற்றுக்கு ‘இப்படித்தான் இருக்கும், பாரு’ என்று சொல்லி அனுப்புவதோ நாலாவது அடுக்கை விட்டுவிட்டு அதற்கு மேலும் கீழும் போய்ச் சேர்கிறது. ஆகவே ஒரு இடம் வேலை செய்கிறது என்று மட்டும் தெரிந்தால், சேதி உள்ளே வந்ததா வெளியே போனதா என்று சொல்ல முடியாது. எந்த அடுக்கு என்று தெரிந்தால் ஓரளவு சொல்லிவிடலாம். கோடிக்கணக்கில் செலவழித்து 7 டெஸ்லா காந்தத்துக்குள் மனிதனைப் படுக்க வைப்பதன் ஆசையே இதுதான்.

கேமராவில் மெகாபிக்சலைக் கூட்டுகிற மாதிரி, இருக்கிற 3 டெஸ்லா மெஷினிலேயே இன்னும் சின்னச் சின்னப் புள்ளியாக எடுத்துவிட்டால் போகிறது. காந்தத்தை ஏன் ஏற்ற வேண்டும்?
— தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவி

நல்ல கேள்வி. புள்ளியைச் சின்னதாக்க மெஷின் மறுக்காது, படம்தான் கருப்பும் வெள்ளையுமாகப் பொரிந்து போகும்.

எம்.ஆர்.ஐ. கேட்பது நம் உடம்பில் இருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் எழுப்பும் குரலை. 1.5 டெஸ்லாவில் எல்லா அணுக்கருவும் கத்துவதில்லை. ஒன்றின் குரலை இன்னொன்று அடித்துக்கொண்டு போக, மிச்சம் நிற்பது பத்து லட்சத்துக்கு சுமார் 5. 7 டெஸ்லாவில் அது 23 ஆகிறது. பெரிய புள்ளியாக எடுத்தால் கூட்டமே சேர்ந்து கத்துகிறது, தெருமுனை வரை கேட்கும். வழக்கமாக மூளையின் வேலையைப் பார்க்கும் ஸ்கேனில் ஒரு புள்ளி 3 மில்லிமீட்டர் கட்டம், அதாவது 27 கன மில்லிமீட்டர். அடுக்கைப் பார்க்க 0.8 மில்லிமீட்டர் வேண்டும். நீளத்தில் கால்வாசி மாதிரி தெரியும், கன அளவில் அரை கன மில்லிமீட்டர்தான், 50 மடங்கு சின்னது. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஐம்பது பேர் சேர்ந்து கூப்பிட்டதை ஒரே ஆள் தனியாகக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்?

இப்போது கணக்கைப் பாருங்கள். 7ஐ 3ஆல் வகுத்தால் 2.3. காந்தம் தருவது ஏறக்குறைய அவ்வளவுதான், இழந்தது 50 மடங்கு. மிச்சத்தை எங்கிருந்தோ கொண்டுவர வேண்டும்: தலையை ஒட்டி ஹெல்மெட் மாதிரி வைக்கும் காயிலில் 32 தனித்தனி ஆன்டெனா, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து சராசரி எடுப்பது, காந்தம் ஏற ஏற ரத்தத்தால் வரும் வித்தியாசமும் (அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்) கூடுவது. இவ்வளவும் சேர்ந்தால்தான் கொஞ்சம் காதில் விழும். அதிலும் 2.5 மில்லிமீட்டர் தடிமனில் 0.8 மில்லிமீட்டர் புள்ளி மூன்றுதான் அடங்கும். ‘உயிருள்ள மனிதனின் மூளை வேலையை ஆறு அடுக்காகப் பார்த்தார்கள்’ என்று எங்காவது தலைப்பு வந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். பெரும்பாலான சமயம் அவர்கள் சொல்வது மேல், நடு, கீழ் என்று மூன்று ஆழம்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. 7 டெஸ்லாவில் ரேடியோ அலையின் அதிர்வு 300 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போய்விடுகிறது. மூளைக்குள் அதன் அலைநீளம் சுமார் 13 சென்டிமீட்டர், ஏறக்குறைய தலை அளவு. அதனால் நடுமண்டை பளிச்சென்றும் காது பக்கம் இருட்டாகவும் படம் வரும். அதைச் சரிக்கட்டுவது தனிப் படிப்பு.

எஃப்.எம்.ஆர்.ஐ. என்பது மூளையில் எண்ணம் ஓடுவதைப் படம் பிடிப்பதா, இல்லை ரத்த ஓட்டத்தையா? எங்கள் சார் இரண்டையும் சொல்கிறார்.
— ராயபுரம், பிளஸ் டூ மாணவன்

ரத்தத்தை, தம்பி. மேலே சொன்ன, மூளையின் வேலையைப் பார்க்கும் ஸ்கேனுக்குத்தான் எஃப்.எம்.ஆர்.ஐ. என்று பெயர். உங்கள் சார் பாதி சரி.

ஆக்ஸிஜன் இருக்கும் ரத்தத்துக்கும் ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட ரத்தத்துக்கும் காந்த குணம் வேறு. 1990இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதை வைத்து மூளை வேலையைப் பார்க்கலாம் என்று காட்டினார். ஒரு இடத்தில் நரம்பணுக்கள் வேலை செய்தால், அங்கே தேவைக்கு மேலேயே புது ரத்தம் பாய்கிறது, ஐந்தாறு வினாடி கழித்து அந்த இடம் படத்தில் கொஞ்சம் பிரகாசமாகிறது. அந்தப் பிரகாசத்தைத்தான் நாம் பார்க்கிறோம்.

அடுக்கைப் பார்க்கப் போனால் இங்கேதான் சிக்கல். என் வீடு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் தரைத்தளம். மேலே மூன்று மாடியில் யார் குளித்தாலும், யார் துணி துவைத்தாலும், தண்ணீர் என் பாத்ரூம் சுவரை ஒட்டிய ஒரே பைப்பில் இறங்கும். அந்தப் பைப்பில் காதை வைத்து எந்த வீட்டில் குளிக்கிறார்கள் என்று கேட்டால் என்ன சொல்வேன்? என் வீட்டுச் சுவர்தான் அதிகம் சத்தம் போடும், ஆனால் குளிப்பது நான் இல்லை. மூளையில் இதைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த ரத்தம் புறணியின் அடி அடுக்கிலிருந்து மேலே ஏறி, மேற்பரப்பில் இருக்கும் பெரிய சிரைகளில் கலக்கிறது. (நம்ம ஊரில் கையில் புடைத்திருக்கும் ரத்தக்குழாயையும் ‘நரம்பு’ என்றே சொல்கிறோம். இந்தப் பதிலுக்கு மட்டும் அதை மறந்துவிடுங்கள்.) ஆக, அடி அடுக்கு வேலை செய்தாலும் நடு அடுக்கு வேலை செய்தாலும் மேல் அடுக்கில்தான் வெளிச்சம் அதிகம் தெரியும். 7 டெஸ்லா மெஷின் வாங்கிவிட்டால் மட்டும் இது தீராது. படம் கூர்மையாக இருக்கும், ஆனால் கூர்மையாகவே தப்பான மாடியைக் காட்டும்.

இதற்கு ஒரு கெட்டிக்கார வழி இருக்கிறது. வாசோ என்று பெயர், 2003இல் வந்தது. ரத்தத்தின் குரலை வேண்டுமென்றே அமுக்கிவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் திசுவின் குரலை மட்டும் கேட்பது. ஒரு இடத்தில் ரத்தக்குழாய் விரிந்தால் அங்கே திசுவின் பங்கு குறையும், குரலும் குறையும். குழாய் விரிவது முக்கியமாக வேலை நடக்கும் இடத்துச் சின்னக் குழாய்களில்தான், மேலே போகும் பெரிய பைப்பில் அவ்வளவு இல்லை. சிக்னல் மெலிந்தது, ஆனால் மாடி நம்பர் சரியாக வரும்.

இதை வைத்து 2017இல் லாரென்ஷியஸ் ஹூபரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் செய்த சோதனை எனக்குப் பிடித்தது. கையை அசைக்கும் பகுதியை எடுத்துக்கொண்டார்கள். ஆள் விரலைத் தட்டினால் இரண்டு கோடு வந்தது: மேலே ஒன்று, பக்கத்து ஏரியாக்களிலிருந்து சேதி வந்து சேரும் இடம்; கீழே ஒன்று, தண்டுவடத்துக்கு உத்தரவு போகும் இடம். விரலைச் சும்மா வைத்திருக்க, தொடுவது மட்டும் நடந்தால், பெரும்பாலும் மேல் கோடு மட்டும். அறுத்துப் பார்க்காமல், உயிரோடு இருக்கும் ஆளின் மூளையில் வரவையும் செலவையும் பிரித்துப் பார்த்துவிட்டார்கள்.

இன்னொன்று 2016இல் நெதர்லாந்துக்காரர்கள் செய்தது. மூன்று அப்பளத்தில் ஒவ்வொரு துண்டு கிள்ளிவிட்டு, கிள்ளின பக்கம் உள்ளே பார்க்கும்படி முக்கோணமாக வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு முக்கோணம் இருப்பது போலவே தெரியும். அங்கே ஒன்றும் இல்லை. அந்த இல்லாத முக்கோணத்தைப் பார்க்கும்போது பார்வைப் புறணியின் அடி அடுக்குதான் வேலை செய்தது. கண் அனுப்பாத சேதியை மேலதிகாரிகள் அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த மெஷின் வந்தால் அடுத்தவர் மனதில் நினைப்பதைப் படித்துவிடலாமா?
— கொருக்குப்பேட்டை வாசகி

முடியாது. உங்கள் மாமியார் என்ன நினைக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் பழைய புறணிதான் கதி.

எனக்கு விபத்தில் காலில் பிளேட் வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட காந்தம் ஆபத்தில்லையா?
— திருவொற்றியூரிலிருந்து ஒருவர்

சும்மா சொல்லிவிட முடியாது. 1.5க்கும் 3க்கும் பரவாயில்லை என்று சோதித்துச் சொல்லப்பட்ட பல பொருள்கள் 7க்குச் சோதிக்கப்படவே இல்லை. அதனால் 7 டெஸ்லா ஆராய்ச்சிக்கூடங்கள் உடம்பில் உலோகம் இருக்கும் ஆட்களைப் பெரும்பாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். நோயாளிக்கு 7 டெஸ்லாவைப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதி கொடுத்ததே 2017இல்தான், அதுவும் தலைக்கும் கை கால்களுக்கும் மட்டும். மற்றபடி, உள்ளே மெதுவாகத் தள்ளும்போதே சிலருக்குத் தலை சுற்றும், வாயில் இரும்பு ருசி தட்டும். காதுக்குள் இருக்கும் திரவத்தைக் காந்தம் தள்ளுவதால் வரும் சுற்றல் அது, வெளியே வந்தால் போய்விடும். காந்தத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு நான் வேலை பார்த்த ஒரு சென்டரிலேயே சாட்சி உண்டு. வார்டு பையன் ஒருத்தன் மறந்துபோய் இரும்பு ஸ்ட்ரெச்சரைக் கதவு வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். அன்றைக்கு நான் போட்ட கத்தலில் வெயிட்டிங் ஹாலே எழுந்து நின்றது.

ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். இதைவிடப் பெரிய காந்தம் உண்டா? எடை எவ்வளவு?
— பெரம்பூர்

உங்களுக்குப் பிடிக்கிற கணக்கு சார். பிரான்ஸில் பாரிஸ் பக்கம் சாக்லேயில் ‘இசூல்ட்’ என்று ஒன்று, 11.7 டெஸ்லா. காந்தம் மட்டும் 132 டன், ஏறக்குறைய மூன்று ரயில் பெட்டி. உள்ளே 182 கிலோமீட்டர் மீக்கடத்திக் கம்பி (கடுங்குளிரில் மின்சாரத்துக்குத் தடையே காட்டாத கம்பி), சென்னை சென்ட்ரலிலிருந்து ஆம்பூர் வரை இழுத்துக் கட்டலாம். அதில் 1,500 ஆம்பியர் ஓடுகிறது. குளிர்விக்க 7,500 லிட்டர் திரவ ஹீலியம், மைனஸ் 271 டிகிரி. 2021இல் முதல் படம் எடுத்தது ஒரு பூசணிக்காயை. நம்ம ஆட்களாக இருந்தால் திருஷ்டி சுற்றி உடைத்திருப்போம், அவர்கள் ஸ்கேன் எடுத்தார்கள். 2024இல் மனித மூளைப் படங்களை வெளியிட்டார்கள்: நாலே நிமிடத்தில், 0.2 மில்லிமீட்டர் புள்ளி, 1 மில்லிமீட்டர் தடிமன் சீவல். அது அமைப்பைக் காட்டும் படம், மேலே சொன்ன வேலை நடப்பதைக் காட்டும் படம் இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம்ம சென்னையில் இது மாதிரி ஏதாவது நடக்கிறதா சார்?
— எண்ணூர், ஐ.டி.ஐ. மாணவன்

நடக்கிறது, ஆனால் வேறு வழியில். ஐ.ஐ.டி. மெட்ராஸில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இருக்கிறது. அங்கே காந்தத்தால் எட்டாத இடத்துக்குக் கத்தியால் போகிறார்கள். தானமாக வந்த மூளைகளை உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, செல் செல்லாக டிஜிட்டல் படமாக்குகிறார்கள். 2024 டிசம்பரில் கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்கு ‘தரணி’ என்ற முப்பரிமாண அட்லஸ் வெளியிட்டார்கள், 5,132 சீவல்கள். உயிரோடு இருக்கிற மூளையில் எடுக்கும் படத்தை எதை வைத்து ‘இது நாலாவது அடுக்கு’ என்று சரிபார்ப்பது? இந்த மாதிரி சீவல்களை வைத்துத்தான். மறுபடியும் ஜென்னாரியின் ஐஸ்.

என் மகளுக்கு 14 வயது. ஆறு வருடமாக வலிப்பு. மூன்று மருந்து மாற்றிவிட்டார்கள், நிற்கவில்லை. இரண்டு தடவை எம்.ஆர்.ஐ. எடுத்தோம், இரண்டிலும் ‘நார்மல்’ என்று வந்தது. நார்மல் என்றால் பிறகு ஏன் வலிப்பு வருகிறது? அடுக்கு பார்க்கும் மெஷினில் தெரியுமா?
— வியாசர்பாடியிலிருந்து ஒரு தாய்

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், பதிலைக் கடைசியில் எழுதுகிறேன்.

நார்மல் என்றால் ‘அந்தப் படத்தில், அந்தப் பார்வையில் ஒன்றும் தெரியவில்லை’ என்றுதான் அர்த்தம். சில பிள்ளைகளுக்குப் பிறக்கும் முன்பே புறணியின் ஒரு சின்ன இடத்தில் அடுக்குகள் சரியாக அமையாமல் குழம்பி நின்றுவிடும். வெளித்தோற்றத்தில் மூளை நன்றாகவே இருக்கும். படத்தில் சாம்பல் நிறமும் வெள்ளையும் சேரும் ஓரம் அந்த இடத்தில் லேசாக மங்கியிருக்கும், அவ்வளவுதான். 5 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்த சாதாரண தலை ஸ்கேனில் அது தப்பிவிடும். 3 டெஸ்லாவில் நார்மல் என்று வந்த சிலருக்கு 7 டெஸ்லாவில் இந்த இடம் தெரிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய முடிந்திருக்கிறது. எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு.

ஆனால் 7 டெஸ்லாவைத் தேடி ஓடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு ஸ்கேனும் வலிப்புக்கென்று தனி முறையில், ஒரு மில்லிமீட்டர் சீவலாக எடுத்ததா என்று கேளுங்கள். நான் பார்த்த வரையில், எங்களிடம் வரும் சீட்டில் வெறும் ‘பிரெய்ன்’ என்று எழுதியிருக்கும், நாங்களும் வெறும் பிரெய்ன் எடுத்து அனுப்பிவிடுவோம். வலிப்பு என்று எழுதியிருந்தால் எடுப்பதே வேறு. இரண்டு மருந்து சரியாகக் கொடுத்தும் நிற்கவில்லை என்றால், வலிப்பு நோய்க்கென்று தனிப்பிரிவு இருக்கும் நரம்பியல் துறையில் காட்ட வேண்டும். போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், இரண்டு ஸ்கேனின் சி.டி.யும் வேண்டும். சென்டரில் கேட்டால் கொடுப்பார்கள், இல்லை என்றால் விடாதீர்கள், நின்று வாங்குங்கள். அடுத்த தடவை வலிப்பு வரும்போது, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, வேறு யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கை முதலில் இழுக்கிறது, கண் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தெரிய வேண்டும். எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டால், படம் பார்க்கிறவர் அந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை உற்றுப் பார்ப்பார். பழைய சி.டி.யிலேயே கிடைத்துவிடுவதும் உண்டு.